பின்விளக்கைப் பார்த்தபடி தூங்குகிறவர்கள்

அன்புள்ள சார்,

பெங்களூரு எலக்ட்ரானிக் சிட்டியில் வேலை பார்க்கிறேன். முன்பு ஒரே அறையில் தங்கியிருந்த நண்பர்கள் ஐந்து பேர் அடுத்த மாதம் பைக்கில் தனுஷ்கோடி போகிறோம். நான்கு பேரிடம் 350 சிசிக்குக் குறையாத வண்டி. ஒருவனிடம் மட்டும் பழைய ஸ்பிளெண்டர். ‘அவனால் வேகம் குறையும், பஸ்ஸில் வரட்டும்’ என்கிறார்கள் மற்றவர்கள். அவன் முகமே வாடிவிட்டது. என்ன செய்யலாம்? வெள்ளிக்கிழமை ஆபீஸ் முடிந்து ராத்திரி பத்து மணிக்குக் கிளம்பினால் விடியும்போது தனுஷ்கோடியின் கடைக்கோடியான அரிச்சல்முனையில் சூரிய உதயம் பார்க்கலாம் என்று திட்டம். இந்தப் பயணத்தை எழுதவும் ஆசை. குறிப்புகள் எடுப்பது எப்படி என்றும் சொல்லுங்கள்.

பிரபு

அன்புள்ள பிரபு,

ஸ்பிளெண்டர் தாராளமாகப் போகும். அவனை முன்னால் விட்டு, மற்ற நால்வரும் அவன் வேகத்துக்குப் போங்கள். பெட்ரோல் போடும்போது யார் முகம் வாடுகிறது என்று பார்க்கலாம். குறிப்பெடுப்பதைப் பற்றியெல்லாம் இப்போது பேச வேண்டாம், முதலில் போய்விட்டு வாருங்கள்.

என்னை உட்கார்ந்து எழுத வைத்தது அந்த ‘ராத்திரி பத்து மணி’தான். அல்சூரில் எங்கள் தெருவில் வெள்ளி இரவானால் பையன்கள் பைகளை வண்டியில் வைத்துக் கட்டிக்கொண்டிருப்பார்கள். காலையிலிருந்து கம்ப்யூட்டரைப் பார்த்துச் சிவந்த கண்கள். பார்க்கும்போதெல்லாம் வயிற்றைக் கலக்கும்.

தனுஷ்கோடி உங்கள் இடத்திலிருந்து கிட்டத்தட்ட 600 கிலோமீட்டர். எட்டு மணி நேரத்தில் போக வேண்டுமென்றால் டீ குடிக்காமல், ஒன்றுக்குப் போகாமல், மணிக்கு 75 கிலோமீட்டர் சராசரி. ஓசூர் ரோட்டில் வெள்ளி இரவு அத்திப்பள்ளியைத் தாண்டவே என்ன பாடு என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. இன்ஜினியர்கள்தானே? ஐந்து பேரில் ஒருவர்கூடவா வகுத்துப் பார்க்கவில்லை?

சரி, தாமதமானால் ஆகட்டும் என்பீர்கள். காலை ஏழு மணிக்கு எழுந்தவருக்கு நள்ளிரவில் 17 மணி நேர விழிப்பு. அந்த நிலையில் ஒருவரின் கவனம், 100 மில்லி ரத்தத்தில் 50 மில்லிகிராம் ஆல்கஹால் இருப்பவரின் அளவுக்கு மங்கிவிடும் என்று சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். நம் சட்டத்தில் 30 தாண்டினாலே குற்றம். அந்தக் கண்ணோடு நீங்கள் தொப்பூர் கணவாயில் இறங்குவீர்கள், சுமை லாரிகளுக்கு நடுவே. விடிவதற்கு முந்தைய இரண்டு மூன்று மணி நேரம் இன்னும் மோசம். 80 கிலோமீட்டர் வேகத்தில் நான்கு விநாடி கண் சொருகினால் வண்டி கிட்டத்தட்ட 90 மீட்டர் ஆளில்லாமல் ஓடியிருக்கும். தூங்கியவருக்கே அது தெரியாது.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஒரு பொங்கலுக்கு அல்சூரிலிருந்து மூன்று வண்டிகளில் ஊருக்குப் போனோம். சேகர் ஆர்எக்ஸ் 100-இல் கடைசியாக வந்துகொண்டிருந்தான். கரூரில் டீக்கடையில் நிறுத்தினால் அவனைக் காணோம். செல்போன் இல்லாத காலம். திரும்பித் தேடிக்கொண்டு போனால், நாமக்கல் பக்கத்தில் ஒரு லாரியின் ஓரமாகத் தார்ப்பாயில் குறட்டை விட்டுக்கொண்டிருந்தான். ரோட்டின் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் அவன் அலைந்ததைப் பார்த்த லாரி டிரைவர், ஓரங்கட்டச் சொல்லிச் சாவியைப் பிடுங்கி வைத்துக்கொண்டார். திட்டு எங்களுக்குத்தான். “நாங்க ரெண்டு பேரு மாத்தி மாத்தி ஓட்டுறோம். இவனுக்கு மாத்தி ஓட்ட யாரு இருக்கா?”

சேகர் எழுந்ததும் கேட்டோம். தர்மபுரியிலேயே கண் சொக்க ஆரம்பித்துவிட்டதாம். ஏண்டா சொல்லவில்லை? “நீங்கல்லாம் தெளிவா ஓட்டிட்டிருந்தீங்க. நான் மட்டும் எப்படிடா சொல்றது?” கூட வந்த இன்னொருவன் யெஸ்டி பைக்கில் பாட்டுப் பாடிக்கொண்டே வந்தது தூக்கத்தை விரட்டத்தான் என்பது அப்புறம்தான் தெரிந்தது.

தனியாக வந்திருந்தால் சேகர் தர்மபுரியில் ஏதாவது ஒரு திண்ணையில் படுத்திருப்பான். அவனை மேலும் ஓட்ட வைத்தது நாங்கள், அதாவது நண்பர்கள். ஐந்து பேர் போனால் பாதுகாப்பு என்று வீட்டில் சொல்லியிருப்பீர்கள். முன்னால் போகிற வண்டியின் சிவப்பு விளக்கையே பார்த்துக்கொண்டு மணிக்கணக்கில் ஓட்டுவதைப்போல் தாலாட்டு வேறில்லை. அதோடு, சொன்னால் கிண்டல் பண்ணுவார்களே என்ற வெட்கம். ஹெல்மெட்டில் புளூடூத் இருக்கிறது, பேசிக்கொண்டே போவோம் என்று பதில் போடாதீர்கள். அதிலும் யாரும் ‘தூக்கம் வருது’ என்று சொல்லப்போவதில்லை. பாட்டுத்தான் கேட்பீர்கள்.

வெள்ளி இரவு ஒன்பது மணிக்குப் படுங்கள். சனி விடியலில் கிளம்பினால் சாயங்காலத்துக்குள் மதுரை. ஞாயிறு தனுஷ்கோடி போய்விட்டு மதுரைக்கே திரும்பி, திங்கள் பெங்களூரு. சூரிய உதயம் தப்பிப்போகும், போகட்டும். 1964 புயலில் இடிந்த அந்தச் சர்ச் பகலில்தான் நன்றாகத் தெரியும். திங்கள் லீவு கிடைக்காதா? தனுஷ்கோடியை விட்டுவிட்டு ஏற்காடு போங்கள். 20 கொண்டை ஊசி வளைவுகளில் ஸ்பிளெண்டர் உங்களை ஒன்றும் காக்க வைக்காது.

எங்கே போனாலும் ஒரு சட்டம் போட்டுக்கொள்ளுங்கள். யார் ‘தூக்கம் வருது’ என்றாலும் அடுத்த பெட்ரோல் பங்கில் ஐந்து வண்டியும் நிற்க வேண்டும். சிரிக்கிறவன் அன்றைக்கு எல்லோருடைய சாப்பாட்டுக்கும் காசு கொடுக்க வேண்டும். முதல் தடவை நீங்களே சொல்லிவிடுங்கள் பிரபு, தூக்கம் வராவிட்டாலும்.