குளிர்காலத்தில் வீட்டுக்குள் எலி: வாசகர் கேள்வி பதில்

தென்னாப்பிரிக்காவில் குளிர்காலம் தொடங்கும் ஜூன் மாதம் பிறந்தால் நமக்கு வரும் கடிதங்களில் எலியைப் பற்றியவை கூடிவிடுகின்றன. இந்த இதழில் அவற்றுள் நான்கை எடுத்துக்கொண்டிருக்கிறோம்.

கேள்வி: இரவில் எல்லோரும் படுத்த பிறகு சீலிங்குக்கு மேலே ஏதோ ஓடும் சத்தம் கேட்கிறது. பகலில் ஒன்றும் கண்ணில் படவில்லை. எலிதானா? குளிர்காலத்தில் மட்டும் ஏன் வருகிறது? (வாசகி, வெருலம்)

பதில்: பெரும்பாலும் எலிதான், அம்மா. உங்கள் ஊரைச் சுற்றிக் கரும்புக் காடு. குவாசுலு-நட்டால் மாகாணக் கரையோரத்தில் ஏப்ரல் முதல் டிசம்பர் வரை கரும்பு வெட்டு நடக்கிறது. வெட்டுவதற்கு முன் தோகைக்குத் தீ வைப்பதும் உண்டு. குளிர்காலம் இங்கே மழையில்லாத காலம் என்பதால் புல்லும் விதையும் காய்ந்துபோகும் அதே நேரத்தில் தோட்டத்து மறைவிடமும் போய்விட, எலிகள் சூடும் தீனியும் தேடி வீட்டுப் பக்கம் திரும்புகின்றன. நம் வீடுகளில் கீசரைச் சீலிங்குக்கு மேலே வைப்பது வழக்கம் ஆகையால், அந்த இடம் இரவிலும் வெதுவெதுப்பாக இருக்கிறது.

உறுதி செய்துகொள்ளப் புழுக்கையைப் பாருங்கள். சுண்டெலியின் புழுக்கை 3 முதல் 6 மில்லிமீட்டர் நீளத்தில் அரிசி மணியைப் போல முனை கூர்ந்திருக்கும். கூரையேறும் கறுப்பெலியின் புழுக்கை ஏறக்குறைய 12 மில்லிமீட்டர் நீளமும் சற்றே வளைவும் கொண்டது. சாக்கடையிலும் மண் வளையிலும் வாழும் பழுப்பெலியின் புழுக்கை அதைவிடத் தடித்து, முனை மழுங்கியிருக்கும். உங்கள் வீட்டில் சத்தம் மேலிருந்து வருவதால் கறுப்பெலியாக இருக்கவே வாய்ப்பு அதிகம். புதிய புழுக்கை கறுத்து, பளபளத்து, மெத்தென்று இருக்கும்; பழையது வெளுத்து, குச்சியால் தொட்டாலே உதிரும். எலி தினமும் ஒரே வழியில் சுவரை உரசிக்கொண்டே போவதால், உத்தரத்திலும் குழாய் நுழையும் ஓட்டை ஓரத்திலும் அதன் உடம்பு எண்ணெய் பட்டுக் கறுத்த பிசுக்குக் கோடு விழும். அந்தக் கோடு இருக்கும் இடத்தில் இரவு கொஞ்சம் மாவைத் தூவி வைத்துக் காலையில் பார்த்தால், கால் தடமும் வால் இழுத்த தடமும் தெரியும். எலி எந்தப் பக்கமிருந்து வந்து எந்தப் பக்கம் போகிறது என்பதையும் அதிலேயே அறியலாம்.

பிறகு வெளியே வந்து கூரையைச் சுற்றிப் பாருங்கள். மாமரக் கிளை ஓட்டின் மேல் சாய்ந்திருந்தால், கூரைக்கும் கிளைக்கும் குறைந்தது ஒரு மீட்டர் இடைவெளி இருக்கும்படி வெட்டிவிடுங்கள். ஒரு பென்சில் நுழையக்கூடிய ஓட்டை சுண்டெலிக்குப் போதும். குட்டி எலிக்கு அதைவிடச் சற்றுப் பெரிய இடைவெளி போதும். சிறிய ஓட்டைகளில் பாத்திரம் தேய்க்கும் இரும்பு நாரைத் திணித்து அதன் மேல் சிமென்ட் பூசுங்கள். பெரியவற்றுக்குக் கம்பி வலை வேண்டும். துணியையும் நுரையையும் மட்டும் வைத்து அடைத்தால் ஓரிரு இரவுகளில் கடித்துத் திறந்துவிடும். ஆனால் உள்ளே இருக்கும் எலிகளைப் பொறியில் பிடித்து முடித்த பிறகே கடைசி ஓட்டையை அடைக்க வேண்டும். முன்பே அடைத்தால் அவை சீலிங்குக்குள்ளேயே செத்து நாறும். எலியின் முன்பற்கள் வாழ்நாள் முழுவதும் வளர்வதால் அது எதையாவது கடித்துக்கொண்டே இருக்கும். ஆகவே மேலே ஏறும்போது மின்கம்பிகளின் உறை கடிபட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். செம்பு வெளியே தெரிந்தால் மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு எலக்ட்ரீஷியனை அழைப்பதில் தாமதம் கூடாது.

கேள்வி: பொறி வைத்து ஒரு வாரம் ஆகியும் ஒன்றும் சிக்கவில்லை. சீஸ்தான் வைத்தேன். (வாசகர், லெனேசியா)

பதில்: சீஸை விடப் பீநட் பட்டர் நல்லது. பட்டாணி அளவு போதும். அதிகம் வைத்தால் எலி ஓரத்தில் நக்கிவிட்டுப் போய்விடும். பொறியை அறையின் நடுவில் வைக்காமல், தீனி இருக்கும் முனை சுவரைத் தொடும்படி சுவருக்குக் குறுக்காக வையுங்கள். பெரிய எலி புதிய பொருளைக் கண்டால் சில நாள் ஒதுங்கியே போகும். எனவே வில்லை இழுத்து மாட்டாமல் தீனியை மட்டும் வைத்துப் பழக்கிவிட்டுப் பிறகு மாட்டுங்கள். சுண்டெலிக்கு அந்தப் பயம் குறைவு. ஆனால் அது கூட்டை விட்டுச் சில மீட்டருக்கு மேல் போவது அரிது என்பதால், பொறிகளை நெருக்கமாகவும் நிறையவும் வைக்க வேண்டும். பசைப் பலகையை நான் பரிந்துரைக்க மாட்டேன். அதில் ஒட்டிய உயிர் மணிக்கணக்கில் துடிக்கிறது.

கேள்வி: தெருவில் சின்னப் பொட்டலத்தில் விற்கும் மருந்து ஒரே இரவில் வேலை செய்கிறது என்று என் மைத்துனர் வாங்கி வந்திருக்கிறார். வீட்டில் இரண்டு பேரக்குழந்தைகள் இருக்கிறார்கள். வைக்கலாமா? (வாசகி, ஃபீனிக்ஸ்)

பதில்: வேண்டாம், அம்மா. இன்றே அதை வீட்டை விட்டு அகற்றுங்கள். பெயரும் பதிவு எண்ணும் இல்லாமல் பொட்டலத்திலும் பழைய பாட்டிலிலும் விற்கப்படுபவை பெரும்பாலும் வயலுக்கென்று தயாரிக்கப்பட்ட கடும் பூச்சிக்கொல்லிகள். 2024 அக்டோபரில் ஜோகன்னஸ்பர்க்கை அடுத்த சொவேட்டோவின் நலேடியில் 6 குழந்தைகள் இறந்ததற்கு டெர்புஃபாஸ் என்ற அத்தகைய நஞ்சே காரணம் என்று சுகாதார அமைச்சர் அறிவித்தார். அதைத் தடை செய்ய அமைச்சரவை 2025இல் ஒப்புதல் கொடுத்தது. அதற்கு முன்பே ஆல்டிகார்ப் என்ற இன்னொரு பூச்சிக்கொல்லி தடை செய்யப்பட்டிருந்தும், அது ‘டூ ஸ்டெப்’ என்ற பெயரில் தெருவில் விற்கப்பட்டு வந்திருக்கிறது. இவற்றின் தூள் கையில் ஒட்டினாலும், தின்பண்டத்தின் அருகில் சிந்தினாலும் ஆபத்து. குழந்தைக்கு எச்சில் வழிதல், வியர்த்தல், வாந்தி, கண்மணி ஊசிமுனையாகச் சுருங்குதல், மூச்சுத் திணறல் ஆகியவற்றில் எது தெரிந்தாலும் வாந்தி எடுக்க வைக்க முயலாமல் ஆம்புலன்ஸ் எண்ணான 10177க்கு அழையுங்கள், அல்லது நேரே மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். பொட்டலத்தைப் பத்திரமாக ஒரு பையில் போட்டு உடன் எடுத்துச் செல்லுங்கள்.

பொட்டலத்தைக் கழிவறையிலோ சாக்கடையிலோ கொட்டாதீர்கள். கையுறை அணிந்து, இரண்டு பைகளுக்குள் கட்டி, குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் பூட்டி வைத்துவிட்டு, ஆபத்தான கழிவை எங்கே ஒப்படைப்பது என்று நகராட்சியைக் கேளுங்கள். கடையில் கிடைக்கும் பதிவு பெற்ற எலி மருந்து இரத்தம் உறைவதைத் தடுத்து, சில நாட்கள் கழித்தே எலியைக் கொல்லும். தவறி உண்டவருக்கு வைட்டமின் கே1 என்ற மாற்று மருந்து உண்டு. ஆனாலும் அதைப் பூட்டிய பெட்டிக்குள்தான் வைக்க வேண்டும். மருந்து தின்ற எலியைப் பிடித்துத் தின்னும் ஆந்தையும் நஞ்சேறிச் சாகிறது. எலியைக் குறைக்க நமக்குக் கூலியில்லாமல் உதவும் பறவை அது. பேரக்குழந்தைகள் உள்ள வீட்டில் பொறியே போதும் என்பது என் உறுதியான கருத்து.

கேள்வி: ஆடி மாதக் கூழுக்காகக் கோயில் ஸ்டோர் ரூமில் வாங்கி வைத்த மீலி மீல் (மக்காச்சோள மாவு) மூட்டை ஒன்றின் மூலையை எலி கடித்திருக்கிறது. கடித்த பக்கத்தை மட்டும் நீக்கிவிட்டுப் பயன்படுத்தலாமா? பிள்ளையாரின் வாகனத்தைக் கொல்வதில் எங்கள் கமிட்டிக்குள் தயக்கமும் இருக்கிறது. (கோயில் கமிட்டி உறுப்பினர், சாட்ஸ்வொர்த்)

பதில்: ஐயா, அந்த மூட்டை முழுவதையும் கழித்துவிடுங்கள். எலி தின்னும் இடத்திலேயே சிறுநீரும் கழிக்கிறது; மாவுக்குள் எவ்வளவு தூரம் இறங்கியது என்பது கண்ணுக்குத் தெரியாது. நூற்றுக்கணக்கானோர் குடிக்கும் கூழில் அந்தத் துணிவு கூடாது. மற்ற மூட்டைகளை மூடியுள்ள தகர டிரம்களுக்கு மாற்றி, சுவரிலிருந்து ஒரு கை நுழையும் அளவு தள்ளி, தரையிலிருந்து உயர்த்தி வையுங்கள். தீனியும் வழியும் இல்லாத இடத்துக்கு எலி வராது என்பதால், உங்கள் தயக்கத்துக்கும் இதுவே விடை. ஸ்டோர் ரூம் கதவின் அடியில் தகடு அடியுங்கள். இரவில் தேங்காய் மூடியையும் வாழைப்பழத்தையும் சன்னிதியில் விட்டுவிடாதீர்கள்.

சுத்தம் செய்யும்போது துடைப்பத்தால் பெருக்காதீர்கள். காய்ந்த புழுக்கை தூளாகிக் காற்றில் எழும். கதவு சன்னல்களை அரை மணி நேரம் திறந்து வைத்து, கையுறை அணிந்து, ஒரு பங்கு ஜிக் என்ற ப்ளீச்சுக்கு ஒன்பது பங்கு தண்ணீர் கலந்து புழுக்கையின் மேல் தெளித்து, ஐந்து நிமிடம் ஊறவிட்டு, காகிதத்தால் வழித்தெடுத்து, பையில் கட்டி எறியுங்கள். எலியின் சிறுநீர் வழியாக லெப்டோஸ்பைரோசிஸ் என்ற நோய் பரவுகிறது. கையில் வெட்டுக்காயம் உள்ளவர் இந்த வேலையில் இறங்க வேண்டாம். சுத்தம் செய்தவருக்கு அடுத்த சில வாரங்களுக்குள் காய்ச்சலும் கடுமையான தசைவலியும் வந்தால், எலி இருந்த இடத்தில் வேலை செய்ததை மருத்துவரிடம் மறக்காமல் சொல்ல வேண்டும்.