ஹார்ட்னஸ் சரியாக வந்தால் ஸ்டீல் காஸ்டிங்குக்கு நார்மலைசிங் தேவையா?

வார்த்தபடியே ஹார்ட்னஸ் வரம்புக்குள் வந்துவிடுகிறது, அப்புறம் எதற்கு நார்மலைசிங் (உலையில் சூடேற்றி ஊறவைத்துக் காற்றில் ஆறவிடுவது) என்று கேட்டிருக்கிறீர்கள். டெலிவரி நெருக்குகிறது, உலை காலியில்லை, மேலே இருக்கும் யாரோ உங்களைத் தூண்டிவிட்டிருக்கிறார் என்றுதான் தோன்றுகிறது. தவிர்க்காதீர்கள்.

நான் இருந்த பவுண்டரியில் இதே வாதம் ஜெயித்தது, நான் கத்தியும் எடுபடவில்லை. 0.25 சதவீதம் கார்பன் உள்ள சாதாரண ஸ்டீல் பிராக்கெட். ஹார்ட்னஸ் சரி, இழுத்துப் பார்க்கும் டென்சைல் டெஸ்டும் பாஸ். வார்ப்பைச் சுத்தம் செய்யும் ஃபெட்லிங்கில் ரைசர் (சுருங்கும்போது உலோகம் ஊட்டுகிற தலைப்பகுதி) மிச்சத்தைச் சுத்தியலால் தட்டும்போது பிராக்கெட்டின் காது பொட்டென்று தனியாக வந்துவிட்டது. உடைந்த முகம் கற்கண்டு போல மினுமினுத்தது, துளிகூட வளைந்த அடையாளம் இல்லை. உள்ளே புளோ ஹோல் (வாயுக் குழி) இருக்கும் என்றார்கள், ஒன்றும் இல்லை. பாலிஷ் போட்டு நைட்டால் (நைட்ரிக் அமிலமும் ஆல்கஹாலும் கலந்த கரைசல்) தடவி மைக்ரோஸ்கோப்பில் வைத்தால், பெருத்துப்போன கிரெய்ன்களுக்குள் (உலோகப் படிகங்கள்) ஃபெரைட் என்ற மென்மையான இரும்பு ஊசி ஊசியாக ஓடியிருந்தது. மோல்டில் மெதுவாக ஆறும்போது ஆஸ்டெனைட் (அதிக சூட்டில் ஸ்டீல் இருக்கும் வடிவம்) கிரெய்ன் சாவகாசமாக வளர்ந்துவிடும், அதன் விளைவு இது. அதே ஹீட்டில் (ஒரே உருக்கில்) வார்த்த இன்னொன்றை 900 டிகிரியில் ஊறவைத்துக் காற்றில் ஆறவிட்டோம். ஹார்ட்னஸ் பெரிதாக மாறவில்லை, ஆனால் அதே அடிக்குக் காது வளைந்ததே தவிர உடையவில்லை. சூடேறும்போது ஒருமுறை, ஆறும்போது ஒருமுறை என்று கிரெய்ன்கள் புதிதாகப் பிறந்து பொடிசாகின்றன. ஃபோர்ஜிங் என்றால் அடித்தே பொடிசாக்கலாம், காஸ்டிங்குக்கு உலையை விட்டால் வேறு வழியில்லை.

"எல்லா காஸ்டிங்குக்குமா?" என்று யாராவது கிளம்புவார்கள். வெறும் எடைக்காக வைக்கிற கட்டிக்கு வேண்டாம், ஒப்புக்கொள்கிறேன். நார்மலைசிங் சர்வரோக நிவாரணி என்றும் சொல்லவில்லை. சுருங்கல் குழியை எந்த உலையும் மூடாது, செக்ரிகேஷனை (கலவை சீராகப் பரவாமல் ஓரிடத்தில் திரள்வதை) கரைக்க 1100 டிகிரிக்கு மேல் பல மணி நேரம் வேண்டும்.

ஹார்ட்னஸை மட்டும் நம்பக்கூடாது என்பதற்கு இன்னொன்று. மாங்கனீஸ், குரோமியம் உள்ள ஸ்டீலை 600 டிகிரியில் டெம்பர் செய்து (கடினமாக்கிய பின் மறுபடி சூடேற்றி) உலையிலேயே மெதுவாக ஆறவிட்டால் இம்பாக்ட் மதிப்பு (திடீர் அடியைத் தாங்கும் திறன்) சரிந்துவிடலாம், ஹார்ட்னஸ் மீட்டர் அதைக் காட்டவே காட்டாது.

இதையெல்லாம் மீட்டிங்கில் சொன்னால் யார் கேட்கிறார்கள்? மெட்டலர்ஜி ஆளை உடைந்த பிறகுதான் கூப்பிடுவார்கள், அதுவும் கஸ்டமருக்கு ரிப்போர்ட் எழுத. இன்கிரிமென்ட் மட்டும் டிஸ்பாட்ச் ஆட்களுக்கு. சரி, விடுங்கள்.

அடித்து உடைத்துப் பார்க்கிற ஒரு இம்பாக்ட் டெஸ்ட் பாராவது எடுத்துப் பாருங்கள். டெஸ்ட் கட்டையைத் தனியாகச் சின்ன உலையில் போடாமல் காஸ்டிங்கோடு அதே லோடில், குவியலின் நடுவில் வையுங்கள். தெர்மோகப்பிள் (சூட்டை அளக்கும் கருவி) உலையின் கூரையில் இருந்தால் சார்ட் எப்போதும் அழகாகத்தான் வரும், நடுவில் கிடப்பது சூடேறியிருக்காது.