மாடுபிடி வீரர் சிலையில் வெள்ளைப் படிவு: ஆசிட் வேண்டாம்

கல்லூரி வளாகத்துக் கருங்கல் சிலையில் காளையின் குளம்போரம் வெள்ளை பூத்திருக்கிறது, ஆசிட் ஊற்றிக் கழுவலாமா என்று கேட்டிருந்தீர்கள். ஊற்றாதீர்கள். அது பெரும்பாலும் சிமென்ட் பீடத்திலிருந்து ஈரத்தோடு வரும் உப்பு. ஆசிட் சிமென்ட்டையும் அரிக்கும், கல்லில் துருக்கறையும் விழவைக்கும்.

காய்ந்த நாளில் நைலான் பிரஷால் உப்பைத் தேய்த்து அள்ளுங்கள். கம்பி பிரஷ் கூடாது. பிறகு, கல்லில் மிச்சமிருக்கும் உப்பை உறிஞ்சியெடுக்க, காகிதக் கூழை டிஸ்டில்டு வாட்டரில் (பேட்டரிக் கடையில் கிடைக்கும்) பிசைந்து, 1 செ.மீ. கனத்தில் அப்பி, முழுக்கக் காய்ந்ததும் உரித்தெடுங்கள். இரண்டு மூன்று முறை செய்ய வேண்டியிருக்கும்.

அதற்கு முன்னால் பீடத்தருகே தண்ணீர் தேங்குகிறதா பாருங்கள். புல்லுக்குப் பாய்ச்சும் தண்ணீர் போதும், உப்பு திரும்ப வந்துவிடும். சிலைக்கு வார்னிஷ் அடிக்கலாம் என்று பெயின்டர் சொன்னதாக எழுதியிருந்தீர்கள், அதுவும் வேண்டாம்: உள்ளே சிக்கும் ஈரம் கல்லின் மேல்பரப்பைப் பொருக்காக உதிரவைக்கும்.