இன்னும் உட்காரவில்லை என்றால் அறுவை சிகிச்சை வீணா?

கேள்வி: என் மகளுக்கு 8 வயது. பிறந்ததிலிருந்தே மூளை முடக்குவாதம். தலை நிற்காது, தானாக உட்கார முடியாது. 8 மாதத்துக்கு முன் இடுப்பு மூட்டில் அறுவை சிகிச்சை செய்தோம். எக்ஸ்ரே நன்றாக இருக்கிறது என்கிறார் டாக்டர். ஆனால் அவள் இன்னும் உட்காரவில்லை. இத்தனை செலவும் வீண்தானா என்று வீட்டில் கேட்கிறார்கள். பலன் கிடைத்ததா என்று எப்படித் தெரிந்துகொள்வது?
- வாசகி, பெரம்பூர், சென்னை

பதில்: முதலில், இந்த அறுவை சிகிச்சை பெரும்பாலும் உட்கார வைப்பதற்காகச் செய்யப்படுவதில்லை. மூளை முடக்குவாதம் உள்ள குழந்தைகளின் இயக்கத் திறனை 5 நிலைகளாகப் பிரிப்போம். நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால் உங்கள் மகள் 5-ஆம் நிலை, அதாவது இயக்கம் மிகக் குறைவாக உள்ள நிலை. இந்தக் குழந்தைகளுக்குத் தசைகள் இறுகி இழுத்துக்கொண்டே இருப்பதால், தொடை எலும்பின் பந்து அதன் கிண்ணத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக விலகும். அப்படியே விட்டால் வலி வரும், கால் விரியாது, சக்கர நாற்காலியில் நேராக வைக்க முடியாது. அதற்காகத்தான் கத்தி வைக்கிறார்கள். பந்து எவ்வளவு உள்ளே இருக்கிறது என்பதை எக்ஸ்ரே காட்டும். அது அவசியம்தான், ஆனால் பாதி பதில்தான்.

கனடாவில் பல நூறு குழந்தைகளைப் பல ஆண்டுகள் கவனித்து 2002-இல் ஓர் ஆய்வு வந்தது. 5-ஆம் நிலைக் குழந்தைகள் தங்களால் எட்டக்கூடிய இயக்கத் திறனில் சுமார் 90 சதவீதத்தை 3 வயதுக்கு முன்பே எட்டிவிடுகிறார்கள். 8 வயதில் "உட்கார்ந்தாளா?" என்று கேட்டால் எந்தச் சிகிச்சையும் தோற்றதாகத்தான் தெரியும்.

மீதிப் பாதி பதில் உங்களிடம் இருக்கிறது. டொராண்டோ குழந்தைகள் மருத்துவமனையில் இதற்காகவே 37 கேள்விகள் கொண்ட ஒரு படிவம் உருவாக்கினார்கள். பெயர் சிபிசைல்ட். பதில் சொல்பவர் பராமரிப்பவர்தான். கடந்த 2 வாரங்களில் உடை மாற்றுவது, குளிப்பாட்டுவது, தூக்கி உட்கார வைப்பது எவ்வளவு கடினம்? வலி இருந்ததா? தூக்கம் எப்படி? இப்படிப் போகும் கேள்விகள். சிகிச்சைக்கு முன்னும் பின்னும் நிரப்பி மதிப்பெண்களை ஒப்பிடுவார்கள்.

முன்பு நிரப்பவில்லையா, பரவாயில்லை. அறுவை சிகிச்சைக்கு முன் டயபர் மாற்றும்போது அழுவாளா, இப்போது? இரவில் எத்தனை முறை எழுப்புவாள்? நாற்காலியில் எவ்வளவு நேரம் சிணுங்காமல் இருக்கிறாள்? நினைவிருப்பதை இன்றே ஒரு நோட்டில் எழுதுங்கள், அப்புறம் வாரம் ஒருமுறை தொடருங்கள். அவளைத் தூக்கித் தூக்கி வரும் உங்கள் முதுகுவலியையும் சேர்த்து எழுதுங்கள், அதுவும் கணக்குதான். என்னைக் கேட்டால், அழாமல் உடை மாற்ற முடிகிறது என்பது பெரிய வெற்றி. வீட்டில் உள்ளவர்களுக்கும் அந்த நோட்டைக் காட்டுங்கள்.

அடுத்த பரிசோதனைக்கு அதைக் கொண்டுபோய், "இனி எதைக் குறிவைத்துச் சிகிச்சை செய்கிறோம்?" என்று டாக்டரிடம் கேளுங்கள். உட்காருவதற்கு ஏற்ற நாற்காலி வேண்டுமென்றால் முட்டுக்காட்டில் உள்ள பல்வகை மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய நிறுவனத்தில் விசாரிக்கலாம். காலைத் தொட்டாலே அழுகிறாள், அல்லது சாப்பாடு குறைகிறது என்றால் பரிசோதனைத் தேதி வரை காத்திருக்காமல் உடனே காட்டுங்கள்.