சீனாவை விடுங்கள், உங்கள் வாட்ஸ்அப்பைத் திறங்கள்

கொண்டலாம்பட்டியிலிருந்து தறித் துண்டு ஏற்றுமதி செய்யும் வாசகர் மூன்று பக்கம் எழுதியிருக்கிறார். நைரோபி பையர் 90 நாள் கடனில் சரக்கை எடுத்துவிட்டு, சாயம் போகிறது என்று பணத்தை நிறுத்திவிட்டார், ஏற்றுமதிப் பணம் வராமல் போனால் ஈடுகட்டும் மத்திய அரசின் காப்பீட்டு நிறுவனமான இசிஜிசி க்ளெய்மை நிராகரித்துவிட்டது, சீனாக்காரனுக்கு மட்டும் அவன் அரசாங்கம் மலிவுக் கடன் கொடுத்து மார்க்கெட்டைக் கெடுக்கிறது, இது சர்வதேச விதிக்கு விரோதம், வழக்குப் போடலாமா என்கிறார்.

முடியாது. அரசு ஆதரவு ஏற்றுமதிக் கடனுக்கு பணக்கார நாடுகளின் அமைப்பான ஓஇசிடி வட்டாரத்தில் 1978 முதல் இருப்பது, சட்டமாகக் கட்டுப்படுத்தாத, வாக்கை நம்பிய ஒரு கனவான் ஒப்பந்தம்தான். அதில் சீனாவும் இல்லை, நாமும் இல்லை, அதுவும் 2 வருடமும் அதற்கு மேலும் ஓடும் கடனுக்குத்தான். உலக வர்த்தக அமைப்பின் மானிய ஒப்பந்தத்தில் நாட்டின் மேல் நாடுதான் புகார் சொல்லலாம், தறிக்காரர் சொல்ல முடியாது.

உங்கள் கடிதத்தில் எனக்கு வேண்டியது நீங்கள் போகிற போக்கில் எழுதிய ஒரே வரி. பையர் சாயம் பற்றிக் கேட்டதும், "மன்னிக்கவும், 20 சதவீதம் குறைத்துக்கொள்கிறோம், இன்னும் 60 நாள் எடுத்துக்கொள்ளுங்கள்" என்று வாட்ஸ்அப் அனுப்பிவிட்டீர்கள். வியாபாரம் கெடக்கூடாது என்றுதான் செய்தீர்கள், சரி. ஆனால் பாலிசி எதற்கு? பையர் திவாலானாலோ, பேசாமல் இழுத்தடித்தாலோ காப்பாற்ற. தரம் சரியில்லை என்று அவர் தகராறு கிளப்பிவிட்டால், அவர் நாட்டு நீதிமன்றத்தில் நீங்கள் ஜெயித்துத் தீர்ப்போடு வரும்வரை காப்பாற்றாது. அந்தத் தகராறை நீங்களே எழுத்தில் ஒப்புக்கொண்டிருக்கிறீர்கள், யாரையும் கேட்காமல் கெடுவையும் நீட்டியிருக்கிறீர்கள்.

அப்புறம், கெடு தாண்டியும் பணம் வரவில்லை என்ற ஓவர்டியூ தகவலை இசிஜிசிக்கு என்றைக்குக் கொடுத்தீர்கள்? "பேங்குக்குத் தெரியுமே சார்" என்று வந்து உட்காரும் கட்சிக்காரர்களை நிறையப் பார்த்துவிட்டேன். பேங்க் எடுத்திருப்பது பேங்கின் பணத்துக்கான காப்பு, அது வந்தாலும் பேங்கில் உங்கள் கடன் அப்படியேதான் நிற்கும். பையர் பணம் கட்டவில்லை என்பதை 45 நாளுக்குள் இசிஜிசிக்குச் சொல்லாத ஒரு ஏற்றுமதியாளர் 2013-ல் உச்ச நீதிமன்றத்திலேயே தோற்றார்; பாலிசி வாசகத்தை நாங்கள் திருத்தி எழுத முடியாது என்று சொல்லிவிட்டார்கள்.

நைரோபியில் வக்கீல் வைத்து நடத்தும் செலவை உங்கள் இன்வாய்ஸ் தொகைக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். என்னைக் கேட்டால், 65 சதவீதம் வந்தாலும் வாங்கிக்கொண்டு ராசியாகிவிடுங்கள். ஆனால் நிராகரிப்பை மறுபரிசீலனை செய்யச் சொல்லி முதலில் மனுக் கொடுங்கள், ராசிக்கு இசிஜிசியின் எழுத்து ஒப்புதல் கைக்கு வராமல் எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள், போட்டால் இருக்கிற கொஞ்சநஞ்ச வாய்ப்பும் போச்சு. அதுவரை அந்த பையருக்கு வாட்ஸ்அப்பில் குட் மார்னிங் கூட அனுப்ப வேண்டாம்.