பெஞ்ச் ஆளை எப்போது மாற்றுவது?

மார்த்தாண்டத்திலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: “நண்பர்கள் எட்டுப் பேர் என்.பி.ஏ. (அமெரிக்கக் கூடைப்பந்து) ஃபேன்டஸி லீக் ஆடுகிறோம்; நிஜ ஆட்டக்காரர்களை வைத்து ஆப்பில் டீம் கட்டுவோம், அவர்கள் ஆட்டத்துக்கேற்ப நமக்குப் பாயின்ட். ராத்திரி பத்து மணிக்கு டீமைச் சரிபார்த்துவிட்டுத்தான் படுக்கிறேன். காலையில் பார்த்தால் உள்ளே வைத்தவன் ஆடவே இல்லை, பெஞ்சில் கிடந்தவன் 30 பாயின்ட் அடித்திருக்கிறான். மாற்றப்போனால் லாக் ஆகிவிட்டது. என்ன செய்வது?”

நீங்கள் ஆள் பிடித்ததில் குறையில்லை. ராத்திரி பத்து மணிதான் சிக்கல். குளிர்காலத்தில் அப்போது நியூயார்க்கில் பகல் பதினொன்றரை. முழங்கால் வலிக்காரர் இறங்குவாரா என்று அவருடைய கோச்சுக்கே தெரிந்திருக்காது. ஆட்டம் தொடங்க 30 நிமிடம் முன்புதான் முதல் ஐவரின் பட்டியல் உறுதியாகும். நியூயார்க்கில் மாலை ஏழு மணி ஆட்டம் நமக்குக் காலை 5.30. ஆகவே வெள்ளன ஐந்து மணிக்கு ஒருமுறை ஆப்பைத் திறங்கள். ரப்பர் பால்வெட்டுக்குப் போகிறவர்கள் எழும் நேரம்தானே, நம்மூரில் அதிசயமாகப் பார்க்க மாட்டார்கள். மார்ச் இரண்டாம் ஞாயிறு அங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளிவிடுவார்கள். பிறகு நமக்கு எல்லாமே ஒரு மணி நேரம் முந்தும்.

ஐந்து மணிக்கு எழ முடியாதவர்களுக்கும் வழி உண்டு. தினசரி மாற்றம் உள்ள லீக்கில் மொத்த டீமும் ஒரேயடியாக லாக் ஆகாது. அவரவர் ஆட்டம் தொடங்கும்போது அவரவர் லாக் ஆவார். இதைச் சரியாகப் பயன்படுத்துகிறவர்கள் குறைவு. எந்த பொசிஷன்காரரும் உட்காரக்கூடிய ‘யூடிலிட்டி’ இடத்தை, கடைசியாக ஆடுபவருக்கு ஒதுக்குங்கள்.

பாயின்ட் கார்ட், சென்டர், பவர் ஃபார்வர்ட் என்பவை களத்தில் ஆட்டக்காரர்களின் பொசிஷன்கள். பாயின்ட் கார்டான நட்சத்திரம் ஸ்டீஃபன் கர்ரியை எடுத்துக்கொள்வோம். சான் ஃபிரான்சிஸ்கோவில் இரவு ஏழு மணி ஆட்டம் என்றால் நமக்குக் காலை 8.30. அவரைப் பாயின்ட் கார்ட் இடத்திலும், பாஸ்டனில் ஆடும் ஒரு சென்டரை யூடிலிட்டியிலும் வைத்திருக்கிறீர்கள். எட்டு மணிக்குக் கர்ரிக்கு ஓய்வு என்று செய்தி வருகிறது. பெஞ்சில் மிச்சமிருப்பது சேக்ரமெண்டோவின் பவர் ஃபார்வர்ட் ஒருவர். அவர் பாயின்ட் கார்ட் இடத்தில் உட்கார முடியாது. சென்டரோ ஏற்கெனவே லாக். போச்சு. சென்டரைச் சென்டர் இடத்திலும் கர்ரியை யூடிலிட்டியிலும் வைத்திருந்தால், பஸ்ஸில் போகும்போதே அந்த ஃபார்வர்டை உள்ளே இழுத்திருக்கலாம்.

அடுத்தடுத்த இரண்டு நாள் ஆட்டம் இருந்தால், இரண்டாம் நாளில் மூத்த நட்சத்திரங்களை நான் நம்புவதே இல்லை. காயம்பட்டவரைக் காயப் பட்டியல் இடத்துக்குத் தள்ளிவிட்டால் பெஞ்சில் ஓரிடம் மிச்சமாகும்.

வாரம் ஒருமுறை மட்டும் மாற்றும் லீக் என்றால் இந்த வித்தை எடுபடாது. பெரும்பாலும் திங்களன்று முதல் ஆட்டத்தோடு எல்லாம் லாக். அவர்களுடைய திங்கள் மாலை நமக்குச் செவ்வாய் விடியல். ஆப்பில் தேதி பார்க்கும்போது இதை மறக்காதீர்கள்.

உங்கள் லீக்கில் பணம் புழங்கவில்லை என்றே நினைத்துப் பதில் சொல்கிறேன். காசு கட்டி ஆடும் ஆன்லைன் விளையாட்டுக்கு 2025-ல் மத்திய அரசே தடைச் சட்டம் கொண்டுவந்துவிட்டது.