ராத்திரி பேஸ் பிராக்டிஸ்: ஆம்பைவிட ஹெட்போனைப் பார்த்து வாங்குங்கள்

கேள்வி: கிருஷ்ணகிரி பழையபேட்டையில் லைன் வீட்டில் குடியிருக்கிறேன். ஓசூர் சிப்காட்டில் ஷிப்ட் வேலை. ஞாயிற்றுக்கிழமை சபையில் பேஸ் கிட்டார் வாசிக்கிறேன். ஜாஸ் பேஸ் மாடலில் நாலு கம்பி, பேட்டரி இல்லாத பேசிவ் வகை. செகண்ட் ஷிப்ட் முடிந்து வீடு சேர இரவு பன்னிரண்டு ஆகிவிடும். சுவருக்கு அந்தப் பக்கம் கைக்குழந்தை இருக்கிறது. ஹெட்போனில் கேட்டு வாசிக்க எந்த ஆம்ப் வாங்கலாம்? பத்தாயிரம் வரை செலவழிக்க முடியும். ப்ளூடூத் ஹெட்போன் ஒன்று கையில் இருக்கிறது, அது போதுமா?

பதில்: கடைசிக் கேள்வியை முதலில் முடித்துவிடுகிறேன். போதாது. ப்ளூடூத் ஹெட்போனில் சத்தம் காதுக்கு வந்து சேர 150, 200 மில்லிசெகண்ட் ஆவது சாதாரணம். பாட்டுக் கேட்கும்போது அது தெரியாது. வாசிக்கும்போது கையும் காதும் ஆளுக்கொரு பக்கம் இழுக்கும். நிமிடத்துக்கு 120 அடி போகும் பாட்டில் ஒரு அடிக்கு இருப்பதே 500 மில்லிசெகண்ட்தான். அதில் 200 பின்னால் போனால் என்ன தாளம் நிற்கும்? ஆனால் போனிலிருந்து ஆம்புக்குப் பாட்டை ப்ளூடூத்தில் அனுப்புவதில் தப்பில்லை. பாட்டு எவ்வளவு தாமதமாக வந்தாலும், வந்த பாட்டோடு சேர்ந்துதானே வாசிக்கப் போகிறீர்கள். ஆம்ப் பெட்டியில் "ப்ளூடூத் உண்டு" என்று போட்டிருப்பது பெரும்பாலும் இந்த வசதியைத்தான்.

ஆக, ஒயர் உள்ள ஹெட்போன் ஒன்று வாங்கியே ஆக வேண்டும். உங்கள் பத்தாயிரத்தில் பாதியை அதற்கு ஒதுக்கச் சொல்வேன். பலர் ஆம்புக்கு எல்லாக் காசையும் கொட்டிவிட்டு, போனோடு வந்த இயர்போனைச் செருகி, "பேஸே கேட்கலையே" என்று ஆம்பைத் திட்டுவார்கள்.

காரணம் இதுதான். ஓப்பன் ஈ கம்பியின் (விரல் அழுத்தாமல் அடிக்கும் தடித்த கம்பி) அதிர்வு சுமார் 41 ஹெர்ட்ஸ். ஐந்து கம்பி பேஸில் கீழ் பி கம்பி ஏறக்குறைய 31 வரை இறங்கும். விலை குறைந்த ஹெட்போன் ஆம்ப்கள் பலவற்றில் சத்தம் வெளியே போகும் வழியில் கீழ்ச் சத்தத்தைத் தடுக்கும் கெப்பாசிட்டர் என்ற சின்ன பாகம் இருக்கும். அது 100 மைக்ரோஃபேரட் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் 32 ஓம் (ஓம் என்பது ஹெட்போன் காட்டும் மின் எதிர்ப்பின் அளவு) ஹெட்போன் செருகினால் 50 ஹெர்ட்ஸிலேயே சத்தம் 3 டெசிபல் இறங்கியிருக்கும், அதற்குக் கீழே இன்னும் சரியும். 16 ஓம் இயர்போன் போட்டால் அந்த இறக்கம் 100 ஹெர்ட்ஸுக்கே ஏறிவிடும், அதாவது ஈ கம்பியின் அடிச்சத்தம் பாதி வழியிலேயே காணாமல் போகும். அதே ஆம்பில் 80 ஓம் ஹெட்போன் என்றால் இறக்கம் 20 ஹெர்ட்ஸில்தான். அதற்காக 250 ஓம் ஸ்டுடியோ ஹெட்போன் தேடிப் போக வேண்டாம், சின்ன பேட்டரி ஆம்பால் அதைத் தள்ள முடியாது, சத்தம் சன்னமாகிவிடும். 32 முதல் 80 ஓம் வரை நமக்குச் சரி.

காதை முழுக்க மூடும், பின்பக்கம் அடைத்த வகையாகப் பாருங்கள். ஆடியோ-டெக்னிகாவின் எம்20எக்ஸ் 47 ஓம், உங்கள் கணக்கில் பாதியை ஒட்டி அடங்கும். சோனி 7506 என்ற பழைய ஸ்டுடியோ மாடல் 63 ஓம், கொஞ்சம் விலை கூடுதல், ஆனால் வருஷக்கணக்கில் உழைக்கும். மூக்குக்கண்ணாடி போடுபவர் என்றால் ஒன்று கவனியுங்கள்: கண்ணாடிக் காம்புக்கும் மெத்தைக்கும் நடுவில் சந்து விழுந்தால் பேஸ் அந்த வழியாகத்தான் முதலில் ஓடும். போட்டுப் பார்க்கும்போது கண்ணாடியோடு போட்டுப் பாருங்கள்.

சரி, இனி ஆம்ப். உங்கள் மாதிரி பேசிவ் பேஸுக்கு ஆம்பின் இன்புட் இம்பீடன்ஸ், அதாவது பேஸைச் செருகும் துளை காட்டும் மின் எதிர்ப்பு, 1 மெகாஓம் அளவில் இருக்க வேண்டும். போனின் மைக் துளையிலோ லேப்டாப்பின் மைக் துளையிலோ நேராகச் செருகினால் சத்தம் போர்வைக்குள் இருந்து வருவது போல மங்கிக் கேட்பது இது சரியில்லாததால்தான். கிட்டாருக்கென்றே செய்த ஆம்ப்களில் இந்தத் தொல்லை இல்லை.

உங்களுக்கு என் தேர்வு, பேஸின் ஜாக்கிலேயே நேராகச் செருகும் சின்ன வகை. வாக்ஸ் கம்பெனியின் ஆம்ப்ளக் 2 பேஸ் இதில் எல்லோருக்கும் தெரிந்தது. ட்ரிபிள்-ஏ பேட்டரி இரண்டில் ஓடும், உள்ளேயே டிரம் தாளங்கள் உண்டு, போனிலிருந்து ஒயர் வழியாகப் பாட்டைக் கொடுக்க ஆக்ஸ்-இன் துளை உண்டு. அந்தத் துளை இல்லாத எதையும் வாங்காதீர்கள், சபைப் பாட்டை ஓடவிட்டு வாசிப்பதுதானே உங்கள் பிராக்டிஸ். அப்புறம், பெட்டியில் "பேஸ்" என்று எழுதியிருக்கிறதா என்று ஒரு தடவைக்கு இரண்டு தடவை பாருங்கள். இதே உருவத்தில் லீட் கிட்டாருக்கான மாடல்கள் நாலைந்து உண்டு, கடைக்காரர் "எல்லாம் ஒண்ணுதான் சார்" என்பார். ஒன்றில்லை. லீட் கிட்டார் மாடல்கள் கீழ்ச் சத்தத்தை வேண்டுமென்றே குறைத்து, நடுச் சத்தத்தைத் தூக்கிச் செய்தவை.

இந்தச் செருகும் வகைக்கு ஒரு குறை உண்டு. ஆம்ப் ஜாக்கிலேயே தொங்குவதால் கொஞ்ச நாளில் ஜாக்கின் நட்டு லூசாகும். லூசான ஜாக் சுற்றச் சுற்ற உள்ளே இருக்கும் ஒயர் முறுக்கி, ஒரு நாள் சால்டர் விட்டுக் கரகரவென்று வரும். நட்டை மட்டும் ஸ்பேனரால் திருகினால் ஜாக்கும் கூடவே சுற்றும். அதனால் பிளேட்டைக் கழற்றி, உள்ளிருந்து ஜாக்கை ஒரு கையால் பிடித்துக்கொண்டு நட்டை இறுக்குங்கள். பின்னால் ஆக்டிவ் பேஸ் (உள்ளேயே பேட்டரி உள்ள வகை) வாங்கினால் இன்னொன்றும் நினைவில் இருக்கட்டும்: ஆம்பை அணைத்தாலும் அது ஜாக்கில் செருகியபடியே இருந்தால் பேஸின் 9 வோல்ட் பேட்டரி கரைந்துகொண்டே இருக்கும். வாசித்து முடித்ததும் பிடுங்கிவிடுங்கள்.

ஜூம் பி1 ஃபோர் என்று ஒரு பெடல் இருக்கிறது. கணக்கு இடித்தாலும் ஒரு பார்வை பார்க்கலாம். ஹெட்போன், ஆக்ஸ்-இன், ட்யூனர், தாளம், லூப்பர் (வாசித்ததைப் பதிந்து திரும்பத் திரும்ப ஓட்டுவது) எல்லாம் ஒரே பெட்டியில், டபுள்-ஏ பேட்டரி நாலில் ஓடும். சபை மேடைக்கும் அதையே எடுத்துப் போகலாம். பாஸ் கட்டானா கோ, நக்ஸ் மைட்டி ப்ளக் ப்ரோ இரண்டிலும் பேஸுக்கான ஆம்ப் சத்தங்கள் உண்டு, ப்ளூடூத்தும் உண்டு. ஆனால் போன் ஆப்பைத் திறந்து சத்தம் தேடிக்கொண்டே நள்ளிரவு ஒரு மணி ஆகிவிடும் என்பதுதான் என் பயம். ஷிப்ட் முடிந்து வருபவருக்கு மூன்று குமிழே போதும்.

யாரிடமாவது சின்ன காம்போ ஆம்ப் (ஸ்பீக்கரும் சேர்ந்த பெட்டி) சும்மா கிடந்தால், அதில் ஹெட்போன் துளை இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இருந்தால் ஆம்ப் செலவே மிச்சம். ஆனால் பெரிய ஆம்ப்களின் பின்னால் "ஸ்பீக்கர்" என்று எழுதிய துளையும் பார்க்க அதே மாதிரி இருக்கும். அதில் ஹெட்போனைச் செருகினால் ஹெட்போன் போய்விடும், காதும் தப்பாது.

உங்கள் ஜாஸ் பேஸில் "ம்ம்ம்" என்று ஓர் இரைச்சல் கேட்கலாம். ஹெட்போனில் அது இன்னும் எடுப்பாகத் தெரியும். நம் ஊர் கரண்ட் 50 ஹெர்ட்ஸ், ஈ கம்பியில் மூன்றாவது ஃப்ரெட்டில் வரும் ஜி 49 ஹெர்ட்ஸ். அதனால் கீழ் ஜி வாசிக்கும்போது இரைச்சல் அதோடு உரசி, சுருதி லேசாக அலைவது போல இருக்கும். பேஸைக் குறை சொல்வதற்கு முன் இரண்டு பிக்கப் (கம்பியின் அதிர்வைப் பிடிக்கும் காந்தப் பாகம்) வால்யூமையும் முழுக்கத் திறந்து பாருங்கள். பெரும்பாலான ஜாஸ் பேஸ்களில் இரண்டும் ஒரே அளவில் இருந்தால் இரைச்சல் ஒன்றை ஒன்று அடித்துவிடும். லேப்டாப் சார்ஜரிலிருந்து நாலடி தள்ளி உட்காருங்கள். கம்பியைத் தொட்டால் இரைச்சல் குறைகிறது என்றால் பயப்பட ஒன்றுமில்லை. தொட்டால் கூடுகிறது என்றால் உள்ளே எர்த் ஒயர் எங்கோ விட்டிருக்கிறது. பேட்டரி ஆம்புக்கு அடாப்டர் வழியாக வரும் இரைச்சல் இல்லை, மாதாந்திரப் பராமரிப்புக்குக் கரண்ட் நிறுத்தும் நாளிலும் வாசிக்கலாம்.

வால்யூம் விஷயத்தில் பேஸ்காரர்கள் தங்களை அறியாமலே ஏற்றிக்கொண்டு போவார்கள். மெல்லிய சத்தத்தில் நம் காதுக்குக் கீழ்ச் சத்தம் சரியாக எட்டாது, அதனால் இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று கை போகும். உலக சுகாதார நிறுவனம் சொல்லும் வரம்பு 80 டெசிபல், வாரத்துக்கு 40 மணி நேரம். சத்தம் கூடக் கூட அந்த நேரம் வேகமாகச் சுருங்கும். உங்கள் கம்பெனி ஷெட்டின் இரைச்சலையும் காது ஏற்கனவே வாங்கியிருக்கும். எனவே பேஸை ஏற்றாமல் பாட்டைக் குறையுங்கள். பக்கத்து வீட்டுக் குழந்தையை எழுப்பப் போவது பேஸ் அல்ல, தரையில் தாளம் தட்டும் உங்கள் கால். காலடியில் மடித்த ஜமுக்காளம் போட்டுக்கொள்ளுங்கள்.

வாங்குவதற்கு ஒரு லீவு நாளில் பெங்களூருக்கு பஸ் ஏறிவிடலாம். உங்கள் பேஸையும் எடுத்துப் போங்கள், ஹெட்போனை முதலில் வாங்கி, அதையே ஆம்பில் செருகிக் கேளுங்கள். ஓப்பன் ஈயை ஒரே ஒரு தடவை அடித்து, அது தானாக அடங்கும்வரை விடுங்கள். அடங்கும்போது சத்தம் உடைந்து கரகரத்தால் கெயினை (உள்ளே வரும் சத்தத்தைக் கூட்டும் குமிழ்) குறைத்து மறுபடி அடியுங்கள், அப்போதும் உடைந்தால் வேறு பீஸ் கேளுங்கள். பிறகு பேஸின் வால்யூமைப் பூஜ்யத்தில் வைத்து, ஆம்பை நீங்கள் வழக்கமாகக் கேட்கும் அளவில் விட்டு, "ஸ்ஸ்" என்ற சத்தம் எவ்வளவு வருகிறது என்று பாருங்கள். கடையில் ஃபேன் சத்தத்துக்கு மேலேயே அது கேட்டால் அந்த ஆம்ப் வேண்டாம். நடு ராத்திரி பழையபேட்டையில் அது இன்னும் பலமாகக் கேட்கும்.